உண்ணிக்குள் விந்தணுவும் முட்டையும் நகரும் பாதை: முதன்முறை அறுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உண்ணியை அறுத்துப் பார்க்கப் புதிதாக வருபவர்களில் பலர், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் விந்தணு நீந்திப் போவதும் முட்டை நகர்ந்து வருவதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படித் தெரியாது. ஒரு பெண் உண்ணியைத் திறந்தால் அந்த நேரத்தில் எது எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். நகர்வைப் பார்க்க வேண்டுமானால் பல உண்ணிகளை வெவ்வேறு நேரத்தில் திறந்து, கிடைத்ததை வரிசையாகக் கோத்துப் பார்க்க வேண்டும். அதனால் கை நேர்த்தியை விட நேரக்கணக்குதான் இந்த வேலையில் முக்கியம். கை நேர்த்தி பத்துப் பதினைந்து உண்ணிகளில் தானாக வந்துவிடும். எப்போது இணை சேர்ந்தது, எப்போது தான் இரத்தம் குடித்த விலங்கின் உடலிலிருந்து விழுந்தது என்று எழுதி வைக்காத உண்ணியை எவ்வளவு அழகாக அறுத்தாலும் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

இங்கே சொல்வது பெரும்பாலும் கடின உண்ணிகளுக்கு (முதுகில் கெட்டியான கேடயம் உள்ளவை), அதிலும் ரிப்பிசெபாலஸ், டெர்மசென்டர், ஆம்ப்ளியோமா போன்ற பேரினங்களுக்குப் பொருந்தும். கேடயம் இல்லாத மென் உண்ணிகளில் எது மாறும் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

பாதையை முதலில் வரைந்து பாருங்கள்

பிளேடைத் தொடும் முன் ஒரு தாளில் வரையுங்கள். பெண் உண்ணியின் இனப்பெருக்கத் துளை வயிற்றுப்பக்கத்தில், நடுக்கோட்டில், கால்களின் அடிக்கணுக்களுக்கு இடையே, உடலின் முன்பாதியில் இருக்கிறது. பின்முனை அருகே தெரியும் துளை மலத்துளை. புதியவர்கள் பூச்சியை மனதில் வைத்துக்கொண்டு அங்கேதான் தேடுவார்கள்.

முன்துளைக்குள் நுழைந்தால் முதலில் யோனியின் வாயில் பகுதி, அடுத்து அதன் கழுத்துப் பகுதி. கழுத்துப் பகுதியின் மேல்பக்கம் ஒரு பை திறக்கிறது. அதுதான் விந்துச் சேமிப்புப் பை. கழுத்துப் பகுதியிலிருந்து ஒரு சிறிய இணைப்புக் குழாய் கருப்பைக்குப் போகிறது. கருப்பை என்று பெயர் இருந்தாலும் அங்கே எந்தக் கருவும் வளர்வதில்லை. இரண்டு அண்டக்குழாய்களும் வந்து சேரும் பொது அறை அது, அவ்வளவுதான். அங்கிருந்து அண்டக்குழாய்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து, சுருண்டு சுருண்டு பின்னோக்கிப் போய், உடலின் பின்பகுதியில் 'யு' வடிவில் கிடக்கும் ஒற்றைச் சூலகத்தின் இரு முனைகளோடு சேர்கின்றன.

விந்தணு முன்னிருந்து பின்னுக்குப் போகிறது. முட்டை பின்னிருந்து முன்னுக்கு வருகிறது. இரண்டுக்கும் ஒரே குழாய்தான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. விந்தணு பெண் இன்னும் இரத்தம் குடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது. முட்டை பெரும்பாலும் உண்ணி வயிறு நிறைந்து கீழே விழுந்த பிறகே இறங்குகிறது. எனவே இரண்டு நேரக்கணக்குகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும்: இணை சேர்ந்த நேரத்திலிருந்து ஒன்று, விழுந்த நேரத்திலிருந்து இன்னொன்று.

எந்த உண்ணி, எங்கிருந்து

தொடங்குபவர்களுக்கு நாய் உண்ணியான ரிப்பிசெபாலஸ் சாங்குனியஸ் அல்லது மாட்டு உண்ணியான ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் போதும். முடிந்தால் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட, நோயற்ற கூட்டத்திலிருந்து வாங்குங்கள். வெளியில் பிடித்த ஹையலோமா உண்ணிகளைப் பழகுவதற்காகத் தொடவே தொடாதீர்கள்; கிரிமிய-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சலின் வைரஸைச் சுமக்கும் பேரினம் அது. வேறு எந்த உண்ணியானாலும் கையுறை, கண்ணாடி கட்டாயம். வயிறு நிறைந்த உண்ணியை விரலால் அழுத்தவே கூடாது. அதன் சூலகமே சில கிருமிகளின் பயணப் பாதை: மாட்டு உண்ணியில் பபேசியா ஒட்டுண்ணி முட்டைக்குள் புகுந்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது. ஸ்மித், கில்போர்ன் என்ற ஆய்வாளர்கள் 1893-ல், பபேசியாவால் வரும் டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சலை உண்ணி பரப்புவதைக் காட்டியபோது, தாய் உண்ணி குடித்த இரத்தத்தின் நோய் அதன் குஞ்சு வழியாக வேறு மாட்டுக்கு வந்ததுதான் எல்லோரையும் வியக்க வைத்தது. நீங்கள் திறக்கப் போவது அந்தச் சூலகத்தைத்தான்.

ஒரு முழு வரிசைக்கு நான்கு வகை வேண்டும்: இரத்தம் குடிக்காத பெண், ஆணோடு சேராமல் பாதி குடித்த பெண், ஆணோடு சேர்ந்து பாதி குடித்த பெண், வயிறு நிறைந்து தானாக விழுந்த பெண். கூடவே சில நாள் இரத்தம் குடித்த ஆண்களும் வேண்டும். மேலே சொன்ன பேரினங்களில் ஆணும் முதலில் இரத்தம் குடித்தாக வேண்டும். பட்டினி ஆணிடம் முதிர்ந்த விந்தணுக்களை எதிர்பார்க்க முடியாது. இக்ஸோடஸ் பேரினம் இதில் விலக்கு. அதில் இரத்தம் குடிக்கும் முன்பே, செடிகொடிகளில் இருக்கும்போதே இணை சேர முடியும்.

இணை சேர்ந்த நேரம் தெரிய வேண்டுமானால் பெண்களைத் தனியாக நான்கைந்து நாள் குடிக்க விட்டு, பிறகு இரத்தம் குடித்த ஆண்களை உள்ளே விட வேண்டும். உயிருள்ள விலங்கின் மேல் இப்படிச் செய்ய முறையான அனுமதியும் அனுபவமுள்ள குழுவும் தேவை. அது கிடைக்காதவர்கள் தானாக விழுந்த உண்ணிகளை மட்டும் வைத்து, முட்டையின் பயணத்தை முதலில் படிக்கலாம். பாதிக் கதைதான் என்றாலும் தொடங்க நல்ல பாதி.

சேராத பெண்ணை ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், ஒப்பிட அதை விட நல்ல சான்று இல்லை. ஆணோடு சேராத பெண் பட்டினி எடையைப் போலச் சுமார் பத்து மடங்கு வரை குடித்துவிட்டு, அங்கேயே கடித்தபடி நாட்கணக்கில் கிடக்கும். சேர்ந்தது நூறு மடங்கு வரை போகும். விந்துப்பொதியோடு (ஆண் விந்தை அடைத்துக் கொடுக்கும் பை) வரும் புரதம்தான் அந்த வேகக் குடிக்குத் தூண்டுதல் என்று ஆம்ப்ளியோமா ஹீப்ரேயம் உண்ணியில் வைஸ், காஃப்மன் இருவரும் 2004-ல் காட்டினார்கள். அதற்கு வொராக்ஸின் என்று பெயர். ஆக, சந்தேகமான உண்ணி கையில் இருந்தால் முதலில் தராசில் வையுங்கள். எடையே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

மேசையில் இருக்க வேண்டியவை

பத்து முதல் நாற்பது மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், நானூறு மடங்கு வரை போகும் சாதாரண மைக்ரோஸ்கோப் (ஃபேஸ் கான்ட்ராஸ்ட் இருந்தால் நல்லது), ஐந்தாம் எண் கூர்முனை இடுக்கி இரண்டு, பதினொன்றாம் எண் அறுவை பிளேடு அல்லது உடைத்த சவரப் பிளேடுத் துண்டு, மிக நுண்ணிய கத்தரி, பெட்ரி டிஷ், பாரஃபின் மெழுகு, ஸ்லைடு, கவர் ஸ்லிப், துளிக்குழாய். கரைசலுக்குக் குளிர வைத்த பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) போதும்; 1.2 சதவீத உப்புக் கரைசலையும் உண்ணிக்குப் பயன்படுத்துவார்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் கூடாது. செல்கள் உப்பி வெடித்துவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது விந்தணுவின் நீளம் இல்லை, தண்ணீரின் சேதம்.

விழுந்த உண்ணிகளை வைக்க 27–28 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. மூடிய பெட்டியின் அடியில் பொட்டாசியம் குளோரைடு நிறைசெறிவுக் கரைசலை ஒரு கிண்ணத்தில் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிலையாக நிற்கும். சமையல் உப்பை வைத்தால் 75-ல் நின்றுவிடும்; அது போதாது.

முதலில் ஆணைத் திறங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே பெண்ணுக்குப் போகிறவர்களே அதிகம். ஆனால் ஆணின் விந்துக் குழாயில் இருப்பதைப் பார்க்காதவருக்கு, பெண்ணின் பையில் இருப்பது மாறியதா மாறாததா என்று எப்படித் தெரியும்?

இரத்தம் குடித்த ஆணைத் திறந்தால் முன்பாதியை ஒரு பெரிய, பல மடல்கள் கொண்ட துணைச்சுரப்பி அடைத்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து பின்னோக்கி இரண்டு விந்தகங்கள் நீளும். விந்துக் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்லைடில் கரைசல் துளியில் வைத்து ஊசியால் பிரித்து, கவர் ஸ்லிப் போட்டுப் பாருங்கள். நீண்ட, வழவழப்பான கோல்கள் தெரியும். வால் தேடாதீர்கள், இருக்காது. உண்ணியின் விந்தணுவுக்குச் சாட்டை வாலே கிடையாது. ஆணுக்குள் இருக்கும் வரை இது முழுமையான விந்தணுவும் இல்லை. முன்விந்தணு என்ற நிலையிலேயே காத்திருக்கிறது. இருபது முப்பது கோல்களை அளந்து சராசரி எழுதி வையுங்கள். இனத்துக்கு இனம் நீளம் மாறும்; எந்த உண்ணியானாலும் நூற்றுக்கணக்கான மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். மனித விந்தணு மொத்தமே ஐம்பது அறுபது மைக்ரான்தான்.

பெண்ணைத் திறத்தல்

உண்ணியைப் பனிக்கட்டி மேல் சில நிமிடம் வைத்துச் சோம்பலாக்குங்கள். பெட்ரி டிஷ்ஷில் உருக்கிய மெழுகு பாதி இறுகும்போது, முதுகு மேலே தெரியும்படி உண்ணியைப் பதியுங்கள். மெழுகு சூடாக இருந்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும். விரல் தாங்கும் சூடு வந்த பிறகே பதியுங்கள். இறுகியதும் மேலே குளிர்ந்த கரைசலை ஊற்றி முழுக மூடுங்கள். வெட்டுவது, இழுப்பது எல்லாம் கரைசலுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

பின்விளிம்பில் தொடங்கி உடலின் ஓரமாகவே தோலின் தடிமன் அளவுக்கு மட்டும் பிளேடை விடுங்கள். ஒரு பக்கம் முன்வரை, மறுபக்கம் முன்வரை. பிறகு முதுகுத் தோலைப் பின்னிருந்து முன்னுக்கு மெல்லத் தூக்க வேண்டும். அப்போது வெள்ளி நிற நூல்கள் தோலையும் உறுப்புகளையும் பிடித்து இழுக்கும், அவை மூச்சுக்குழல்கள். இழுத்தால் கூடவே சூலகமும் கிழிந்து வரும், அதனால் ஒவ்வொன்றையும் கத்தரியால் வெட்டுங்கள். அவசரப்படுபவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வயிறு நிறைந்த உண்ணியில் தோலைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கருஞ்சிவப்பு நடுக்குடல்தான். அதன் கிளைகள் எல்லாவற்றையும் மூடிக் கிடக்கும். குடல் கிழிந்தால் கரைசல் முழுக்கக் கறுத்துவிடும். கிழியத்தான் செய்யும், பதறாமல் துளிக்குழாயால் பழைய கரைசலை உறிஞ்சி, புதியதை விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். குடலின் கிளைகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

முன்பக்கம் இரு ஓரங்களிலும் வெண்மையாகக் கொத்துக் கொத்தாக இருப்பவை உமிழ்நீர்ச் சுரப்பிகள். முன்னே நடுவில் சிறிய வெள்ளைக் கட்டி நரம்பு மண்டலத்தின் மையம். உணவுக்குழாய் அதைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தக் கட்டிக்குச் சற்றுப் பின்னால், அடியில்தான் விந்துச் சேமிப்புப் பை.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். மால்பீஜியன் குழாய்கள் (கழிவை வெளியேற்றும் குழாய்கள்) இரண்டும் நீளமாக, வெள்ளையாக, வளைந்து வளைந்து போகும். இவற்றை அண்டக்குழாய் என்று படம் எடுத்துக் கொண்டுவராத மாணவர் அரிது. மால்பீஜியன் குழாயின் உள்ளே சுண்ணாம்பு போல வெளுத்த குவானின் கழிவு இருக்கும்; அது பின்னால் மலப்பையில் போய்ச் சேரும். அண்டக்குழாயின் சுவர் அரைத் தெளிவாகத் தெரியும். அது முன்னால் நடுவில் கருப்பையில் சேரும். சந்தேகம் வந்தால் நிறத்தை நம்பாமல், இடுக்கியால் மெல்லத் தொட்டுக்கொண்டே அது எங்கே முடிகிறது என்று பின்தொடருங்கள்.

பாதை முழுவதும் தெரிந்ததும் இனப்பெருக்கத் துளையைச் சுற்றி வயிற்றுத் தோலில் ஒரு சிறு துண்டை வெட்டி, தோல் துண்டோடு சேர்த்தே பாதை முழுவதையும் வெளியே எடுங்கள். அந்தத் தோல் துண்டு இருந்தால் எது முன், எது பின் என்ற கேள்வியே வராது.

விந்தணுவைப் பின்தொடர்தல்

ஆண் உண்ணி விந்தைத் தன் வாயுறுப்புகளால் பெண்ணின் துளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முதலில் தன் வாயுறுப்பைப் பெண்ணின் துளைக்குள் விட்டு, பிறகு தன் துளையிலிருந்து வெளிவரும் விந்துப்பொதியை எடுத்து அங்கே ஒட்டுகிறது. பொதியின் வெளியுறை வெளியிலேயே நின்றுவிட, உள்ளே இருக்கும் பொருள் ஒரு உள்ளுறையாகப் பிதுங்கிப் பெண்ணுக்குள் நுழைகிறது. எனவே உண்ணியைத் திறக்கும் முன்பே வயிற்றுப்பக்கம் திருப்பி, துளையில் வெளியுறையின் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இணை சேர்ந்து நேரம் அதிகம் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அது உதிர்ந்துபோகும் என்பதால், இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இனி பாதையைத் துண்டுகளாக வெட்ட வேண்டும். தூரத்திலிருந்து தொடங்குங்கள்: முதலில் சூலகம், அடுத்து அண்டக்குழாய்களின் பின்பாதி, முன்பாதி, பிறகு கருப்பை, கடைசியில் சேமிப்புப் பை. பையை முதலில் வெட்டினால் ஆயிரக்கணக்கான விந்தணுக்கள் கரைசலில் சிந்தி எல்லாத் துண்டுகளிலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூலகத்தில் விந்தணு கண்டேன் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஒவ்வொரு துண்டையும் புதுத் துளியில் இரண்டு முறை அலசி, தனித்தனி ஸ்லைடில் வையுங்கள். இடையிடையே இடுக்கியையும் கழுவுங்கள்.

சேமிப்புப் பையைக் கடைசியாகப் பிரியுங்கள். வெண்மையான பைக்குள் மெல்லிய, ஆனால் எளிதில் கிழியாத உள்ளுறை இருக்கும். இரண்டு ஊசிகளால் அதைக் கிழித்து, கவர் ஸ்லிப் போட்டு, முதலில் நூறு மடங்கில் பாருங்கள்.

இணை சேர்ந்த உடனே திறந்த உண்ணியில், ஆணிடம் பார்த்த அதே கோல்கள்தான் இருக்கும். நேரம் போகப் போக அவை மாறுகின்றன, உண்ணி உடலில் நடக்கும் விசித்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முன்விந்தணு ஒரு வெளியுறையும் அதற்குள் ஒரு தண்டும் கொண்ட இரட்டைக் கட்டமைப்பு. அதன் முன்முனை திறந்துகொள்ள, உள்தண்டு அந்தத் திறப்பு வழியாக வெளியே நீள்கிறது. சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவது போல உள்ளே இருந்த பரப்பு வெளியே வந்துவிடுகிறது. முடிவில் செல்லின் நீளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. சில மென் உண்ணிகளில் இது ஒரு மில்லிமீட்டர் வரை போகும். ஒரு விந்தணு, வெறும் கண்ணுக்கே தட்டுப்படக்கூடிய நீளம்! திரும்பிய பரப்பில் நுண்ணிய செல் நீட்சிகள் இருக்கின்றன, அவற்றின் உதவியால்தான் அது நகர்கிறது. வாலடித்து நீந்துவதில்லை, தடித்த முன்முனையை முன்னே வைத்து வழுக்கிக்கொண்டு ஊர்கிறது. எனவே பத்து நொடி பார்த்துவிட்டு அசையவில்லை, செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கவர் ஸ்லிப் ஓரத்தை வாசலினால் மூடி உலராமல் காத்து, சில நிமிட இடைவெளியில் ஒரே இடத்தைப் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

இந்த மாற்றத்தைத் தூண்டுவது ஆணின் துணைச்சுரப்பியிலிருந்து வரும் ஒரு பொருள். 1982-ல் ஆர்னிதோடோரஸ் மௌபாட்டா என்ற மென் உண்ணியில் அது ஒரு பாலிபெப்டைடு என்று காட்டப்பட்டது. செய்து பார்க்க விரும்பினால், ஆணின் விந்துக் குழாய்த் துண்டை அதே ஆணின் நசுக்கிய துணைச்சுரப்பியோடு ஒரு துளியிலும், சுரப்பி இல்லாமல் இன்னொரு துளியிலும் வைத்து ஒப்பிடலாம். முதல் முயற்சியிலேயே அழகாக வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஒவ்வொரு துண்டிலும் மூன்று எண்ணிக்கை எழுதுங்கள்: திரும்பாதவை, பாதி திரும்பியவை, முழுதாக நீண்டவை. கூடவே நீளம். இணை சேர்ந்து சில மணி, ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள் என வெவ்வேறு நேரத்தில் திறந்த உண்ணிகளின் இந்த எண்களை வரிசைப்படுத்தினால், பையில் திரும்பாதவை குறைவதும், கருப்பையிலும் அண்டக்குழாயிலும் நீண்டவை தலைகாட்டுவதும் தெரியும். பயணம் என்பது அந்த அட்டவணைதான். ஃப்ளோரசென்ஸ் மைக்ரோஸ்கோப் இருந்தால் டாபி (DAPI) என்ற, டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயம் விந்தணுவின் நீண்ட உட்கருவை ஒளிர வைக்கும். சூலகத்தின் அடர்த்திக்குள் ஒன்றிரண்டு விந்தணுவைத் தேட அது பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை. முட்டைக்குப் பக்கத்தில் விந்தணு கிடந்தால் கருவுற்றது என்று அர்த்தமில்லை. இன்னொன்று, விந்தணு ஒன்றுகூட இல்லாத உண்ணி நன்றாக முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தால், உங்கள் கையில் இருப்பது ஹீமாபைசாலிஸ் லாங்கிகார்னிஸ் போன்ற இனமா என்று பாருங்கள். அதன் சில கூட்டங்களில் ஆணே தேவையில்லை.

முட்டையைப் பின்தொடர்தல்

பட்டினிப் பெண்ணில் சூலகம் மெல்லிய வெளிர் நூலாக இருக்கும். விழுந்த நாளில் சற்றுப் பருத்திருக்கும். அடுத்த சில நாட்களில்தான் ஆட்டம் முழுவதும்: கொழுப்புத் திசுவும் குடலும் உருவாக்கும் வைட்டலோஜெனின் என்ற மஞ்சள்கருப் புரதம் உடல் திரவத்தில் கலந்து வர, முட்டைச் செல்கள் அதை இழுத்து நிரப்பிக்கொள்கின்றன. கடின உண்ணிகளில் இதை முடுக்குவது 20-ஹைட்ராக்ஸிஎக்டைசோன் என்ற ஹார்மோன். மஞ்சள்கருப் புரதம் இரத்தத்தின் நிறப்பொருளான ஹீமையும் பிடித்து வைத்துக்கொள்வதால் சூலகம் வெளுப்பிலிருந்து பழுப்புக்கு மாறுகிறது. நிறத்தைப் பார்த்தே ஓரளவு நாளைச் சொல்லிவிடலாம்.

முட்டைச் செல்களை ஐந்து நிலைகளாகப் பிரிப்பது வழக்கம். ஒன்றும் இரண்டும் சிறியவை, தெளிவானவை, நடுவே பெரிய உட்கரு தெரியும். மூன்றில் மஞ்சள்கருத் துகள்கள் தொடங்கும். நான்கில் அவை நிரம்பி ஒளி ஊடுருவாது. ஐந்தில் முட்டை ஓடு முடிந்திருக்கும். எல்லா நிலைகளும் ஒரே சூலகத்தில் ஒரே நேரத்தில் இருக்கும், அதனால் இந்த உண்ணி நான்காம் நிலையில் இருக்கிறது என்று எழுதுவதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு நிலையிலும் எத்தனை என்று எழுதுங்கள்.

இடத்தைப் பற்றித்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வளரும் முட்டைச் செல்கள் சூலகக் குழாயின் வெளிப்பக்கத்தில், ஒவ்வொன்றும் ஒரு சிறு காம்பில் தொங்குகின்றன; உடல் திரவத்தில் நனைந்தபடி வளர்வதற்கு அந்த ஏற்பாடு. முதிர்ந்ததும் அதே காம்பின் வழியாகக் குழாயின் உள்ளே நழுவி விழுகின்றன. அந்த நழுவல்தான் முட்டையின் பயணத்தின் முதல் அடி. வெளியே தொங்கும் பழுப்பு முட்டை எவ்வளவு பெரிதானாலும் இன்னும் கிளம்பவே இல்லை. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஊசி முனையால் மெல்லத் தள்ளுங்கள். காம்பில் தொங்குவது ஆடித் தன் இடத்துக்கே திரும்பும். குழாய்க்குள் இருப்பது சுவருக்கு அடியில் முன்னும் பின்னும் வழுக்கும்.

உள்ளே விழுந்த முட்டையைச் சூலகம், அண்டக்குழாய் ஆகியவற்றின் தசைச் சுருக்கம் முன்னோக்கித் தள்ளுகிறது. சுருண்டு கிடந்த அண்டக்குழாய் முட்டை நிரம்பியதும் நீண்டு, வீங்கி, முட்டைகள் வரிசையாகத் தெரியும். முட்டையிடத் தொடங்கிய உண்ணியை வேகமாகத் திறந்து, அறை வெப்பக் கரைசலில் வைத்தால், எடுத்த பாதையில் சுருக்க அலைகளை நேரிலேயே பார்க்க வாய்ப்பு உண்டு. இந்த வேலையில் நகர்வைக் கண்ணால் காண்பது இந்த இடத்தில் மட்டும்தான், அதனால் கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று உண்ணிகளைத் திறந்து, அண்டக்குழாய் இடது, வலது, கருப்பை ஒவ்வொன்றிலும் முட்டையை எண்ணுங்கள். திறக்காத சிலவற்றைத் தனித்தனிக் குப்பியில் விட்டு, அவை எந்த நாளில் முட்டையிடத் தொடங்குகின்றன என்றும் பாருங்கள்; திறந்தவற்றின் எண்களுக்கு அதுதான் சாட்சி. 28 டிகிரியில் இந்த இரண்டு ரிப்பிசெபாலஸ் இனங்களும் பொதுவாகச் சில நாட்களிலேயே முட்டையிடத் தொடங்கும். முதல் வாரத்தில் அதிகம், பிறகு குறையும். இரண்டாயிரம் மூன்றாயிரம் முட்டைகள் சாதாரணம். உடல் எடையில் சுமார் பாதி முட்டையாக வெளியேறி, காலியான தோலாக உண்ணி செத்துப்போகும்.

கடைசிக் கட்டத்தை அறுக்காமல் பாருங்கள்

முட்டையிடும் உண்ணியை இருபக்க ஒட்டுநாடாவில் மல்லாக்க ஒட்டி, மங்கிய வெளிச்சத்தில் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழ் வையுங்கள். ஒரு முட்டைக்குச் சில நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும். முதலில் வாய்ப்பகுதி கீழே மடங்கி இனப்பெருக்கத் துளையை நெருங்கும். வாய்ப்பகுதிக்கும் முதுகுக் கேடயத்துக்கும் இடையிலிருந்து ஜெனே உறுப்பு என்ற ஈரமான, பளபளக்கும் பை பிதுங்கி வரும். அதே நேரம் யோனியின் சுவரும் வெளியே பிதுங்கி, முட்டையை நேராக அந்தப் பையின் கைகளில் கொடுக்கும். பை உள்ளிழுக்கும்போது முட்டை மெழுகு பூசப்பட்டு முதுகுப்பக்கம் போய்ச் சேரும். இந்த மெழுகு இல்லாத முட்டை உலர்ந்து சுருங்கிவிடும் என்பதை லீஸ், பீமென்ட் இருவரும் 1948-லேயே காட்டிவிட்டார்கள். குப்பியில் சுருங்கிய முட்டைகளைக் கண்டால், கருவுறவில்லை என்று முடிவு கட்டும் முன் ஈரப்பதத்தையும் இந்த உறுப்பையும் சரிபாருங்கள்.

மென் உண்ணியில் என்ன மாறும்

மென் உண்ணியில் தனிச் சேமிப்புப் பையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விந்துப்பொதியின் உள்ளுறைகள் கருப்பையிலேயே கிடக்கும். ஒரே பெண் பலமுறை சேர்வதால் உறைகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம், எண்ணிக்கையை எழுதி வையுங்கள். இணை சேர்வது விலங்கின் உடலுக்கு வெளியே என்பதால் நேரம் குறிப்பது எளிது. பெண் ஒரு முறை முட்டையிட்டுச் சாவதில்லை. ஒவ்வொரு இரத்த உணவுக்கும் பிறகு சில நூறாக, பல தவணைகளில் இடும். ஆக, இங்கே நேரக்கணக்கு ஒவ்வொரு உணவிலிருந்தும் புதிதாகத் தொடங்கும். விந்தணு நீளமாக இருப்பதால் அளப்பதற்கு மென் உண்ணி வசதி. பாதையை அடையாளம் காணப் பழகுவதற்குக் கடின உண்ணிதான் நல்லது என்பது என் எண்ணம்.

எழுதி வைப்பதும் அழிப்பதும்

ஒவ்வொரு உண்ணிக்கும் ஒரு எண், இனம், எடை, இணை சேர்ந்த நேரம், விழுந்த நேரம், திறந்த நேரம், வைத்திருந்த வெப்பம். திசுவைப் பிறகு வெட்டிப் பார்க்க வேண்டுமானால் 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் போடுங்கள். தோல் துண்டு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, இருந்தால் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோம் கருவியின் பிளேடு அதில் தட்டித் திசுவைக் கிழிக்கும். அறுத்து முடித்த உண்ணியின் வாய்ப்பகுதியையும் முதுகுக் கேடயத்தையும் தூக்கி எறியாதீர்கள். 70 சதவீத எத்தனாலில், பென்சிலால் எழுதிய சீட்டோடு போட்டு வையுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். இனம் பற்றிப் பின்னால் யாராவது கேட்டால் காட்ட அந்தத் துண்டுகள்தான் இருக்கும்.

முட்டைக் குப்பிகளில் பஞ்சை மட்டும் நம்பாமல், நுண்வலைத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பொரித்து வரும் ஆறுகால் குஞ்சுகள் அரை மில்லிமீட்டர் அளவுதான், சிறு இடைவெளியிலும் நுழைந்து வெளியேறும். தேவையில்லாத முட்டைகளைப் பொரிக்கும் முன்பே எத்தனாலில் போட்டுவிடுங்கள்.